தண்டவாளத்தின் கீழே கான்கிரீட் ஸ்லாப்: தடிமனை எப்படி முடிவு செய்வது?

சேலம் பக்கம் ஆலைக்குள் போகும் தனியார் சைடிங் (முதன்மைப் பாதையிலிருந்து பிரியும் கிளைத் தடம்), சரக்கு இறக்கும் தடம், நடைமேடையை ஒட்டி ரயில் பெட்டி கழுவும் தளம் என்று எந்த வேலை வந்தாலும், புதிதாகச் சேர்ந்த பொறியாளர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஸ்லாப் எத்தனை மி.மீ. போடணும்?" பக்கத்து ஆலையில் 300 போட்டார்கள் என்று கேள்விப்பட்டு அதையே வரைபடத்தில் எழுதுபவர்களும் உண்டு. எண் சரியாகவே இருக்கலாம். ஆனால் அது எந்தப் பாரத்துக்கு, எந்த மண்ணுக்கு, எத்தனை மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் வைத்ததால் சரியாக வந்தது என்று தெரியாமல் எடுத்தால், அடுத்த மழைக்காலத்திலேயே ஸ்லாப் பேச ஆரம்பித்துவிடும்.

இந்தக் கட்டுரை அகலப் பாதைச் சைடிங் ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறது. வேகம் குறைவு, பாரம் அதிகம், மேலே மூடாக்கு கிடையாது. ரயில்வே வேகன் ஓடும் எந்தத் தடத்துக்கும் இறுதி வரைபடத்துக்கு ரயில்வேயின் ஒப்புதல் வாங்கியே ஆகவேண்டும். அந்த மேசைக்குப் போவதற்கு முன் உங்கள் கையில் ஒரு நேர்மையான கணக்கு இருக்கவேண்டும் என்பதற்காக இது.

அளவுகள் சில மனப்பாடமாக இருக்கட்டும். அகலப் பாதையின் இடைவெளி 1676 மி.மீ. இரண்டு தண்டவாளங்களின் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு சுமார் 1745. ஸ்லாப் அகலம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தண்டவாள நடுவிலிருந்து ஸ்லாப் விளிம்புக்கு 60 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே இடம் இருக்கும். இதைவிட ஒடுக்கினால் விளிம்பு அடி வாங்கும். தண்டவாளத்தைப் பிடிக்கும் கிளிப் இருக்கைகள் 600 மி.மீ.க்கு ஒன்று. இருக்கையில் தண்டவாளம் உள்பக்கமாக 20-க்கு 1 சாய்ந்து நிற்கவேண்டும்.

முதல் வேலை: சக்கரம் எவ்வளவு அமுக்குகிறது?

பாக்ஸ்-என் வகைத் திறந்த வேகன்களுக்கு இன்று பரவலாக உள்ள அச்சுப் பாரம் 22.9 டன். சில தடங்கள் 25 டன்னுக்குத் தயாராகிவிட்டன. ஸ்லாப் முப்பது வருடம் கிடக்கப் போகிறது, ஆகவே 25 டன்னையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு 12.5 டன், அதாவது 122.6 கிலோநியூட்டன்.

ஓடும் சக்கரம் நிற்கும் சக்கரத்தைவிடக் கூடுதலாக அடிக்கும். ஐசன்மன் முறையில் மணிக்கு 60 கி.மீ.க்குக் கீழே வேகத்துக்கென்று கூடுதல் கிடையாது. தடத்தின் நிலைதான் பேசும். நிற்கும் பாரத்தைப் பெருக்கும் எண் மிக நல்ல தடத்துக்கு 1.3, நல்ல தடத்துக்கு 1.6, மோசமான தடத்துக்கு 1.9. சைடிங்கில் வண்டி ஊர்ந்துதானே போகிறது, கூடுதல் எதற்கு என்று நினைக்கவேண்டாம். பிரேக் பிடித்துச் சப்பையான சக்கரம் 10 கி.மீ. வேகத்திலும் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். புது ஸ்லாப் தடத்துக்கு 1.5 போதுமானது. ஒரு சக்கரத்துக்கு 184, ஓர் அச்சுக்கு 368 கிலோநியூட்டன்.

இரண்டாவது: தண்டவாளம் பாரத்தைப் பங்கு போடுகிறது

இந்த 184 முழுவதும் ஒரே இருக்கையில் இறங்குவதில்லை. தண்டவாளம் ஓர் உத்தரம். கீழே இருக்கும் ரப்பர் பேட் அதற்கு வில். இரண்டின் விறைப்பையும் வைத்து 'மீள்நீளம்' ஒன்றைக் கண்டுபிடிக்கவேண்டும். தண்டவாளத்தின் வளைவிறைப்பை நான்கால் பெருக்கி, ஒரு மி.மீ. நீளத்துக்கு வரும் பேட் விறைப்பால் வகுத்து, நான்காம் படிமூலம் எடுங்கள்.

60 கிலோ தண்டவாளத்துக்கு நிலைமத் திருப்புமை சுமார் 3050 செ.மீ. நான்காம் படி. எஃகின் மீள்குணகம் 2.1 லட்சம் மெகாபாஸ்கல். பேட் விறைப்பு மி.மீ.க்கு 50 கிலோநியூட்டன் என்று வைத்தால், 600 மி.மீ. இடைவெளியில் மீள்நீளம் 745 மி.மீ. வரும். சக்கரத்துக்கு நேர் கீழே உள்ள இருக்கையின் பங்கு, இடைவெளியை மீள்நீளத்தின் இருமடங்கால் வகுத்தது: 600-ஐ 1490-ஆல் வகுத்தால் 0.40. பக்கத்து இருக்கைகளுக்குத் தலா 25 சதவீதம், அதற்கடுத்தவற்றுக்குத் தலா 8 சதவீதம். அதற்கப்பால் தண்டவாளம் இலேசாகத் தூக்கும், அது சின்னக் கணக்கு.

ஆக, சக்கரத்தின் கீழே ஸ்லாப் வாங்கும் அடி 74 கிலோநியூட்டன்தான். இங்கே ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. ரப்பர் பேட் கெட்டியாகிக் கல்லாகிப் போனால் மீள்நீளம் குறைந்து இந்த 40 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். பேட்டை மாற்றாமல் விட்டுவிட்டு ஸ்லாப்பைக் குறைசொல்வது பல இடங்களில் நடக்கிறது. பழைய 52 கிலோ தண்டவாளத்தை எடுத்துப் போட்டாலும் அதே கதை. அதன் திருப்புமை 2160-ஐ ஒட்டித்தான், விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு.

மூன்றாவது: கீழே என்ன இருக்கிறது?

சேலத்து மண் ஒரே மாதிரி கிடையாது. செம்மண், அதன் கீழே உளுத்த பாறை, அதற்கும் கீழே சார்னோகைட், நைஸ் என்று கெட்டிப் பாறை. சேர்வராயன் மலை அடிவாரம் நோக்கிப் போனால் பாறை மேலே எட்டிப் பார்க்கும். தாழ்வான இடங்களில் களிமண் திட்டுகளும் உண்டு. நூறு மீட்டர் தடத்துக்குள்ளேயே மூன்றும் மாறி மாறி வரலாம். அதனால் இருபது மீட்டருக்கு ஒரு குழி தோண்டிப் பார்க்காமல் கணக்குப் போட உட்காரவேண்டாம்.

மண்ணின் தாங்குவிறைப்பை 750 மி.மீ. தட்டு வைத்துச் சோதிப்பது முறை. தட்டு 1.25 மி.மீ. அமிழும்போது உள்ள அழுத்தத்தை 1.25-ஆல் வகுத்தால் எண் கிடைக்கும். கையில் 300 மி.மீ. தட்டுதான் இருக்கிறது என்றால் வரும் விடையில் பாதியை எடுக்கவேண்டும். தட்டுச் சோதனைக்கு வழியில்லை என்றால் நான்கு நாள் நீரில் ஊறவைத்த மண்ணின் சி.பி.ஆர். (மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் ஆய்வக எண்) போதும். சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. 58 (இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிநூல்) அட்டவணை சி.பி.ஆர். 5-க்கு மீட்டருக்கு 42 மெகாபாஸ்கலும் 10-க்கு 55-ம் தருகிறது. அதன் மேலே 150 மி.மீ. லீன் கான்கிரீட் (சிமெண்ட் குறைந்த கான்கிரீட்) போட்டால் 42 என்பது 208 ஆகிவிடுமாம். ரயில் தடத்துக்கு அந்த 208-ஐ அப்படியே நம்புவது சரியல்ல. லீன் கான்கிரீட் சில வருடத்தில் நுண்விரிசல் விட்டு இளகும். இந்தக் கணக்குக்கு 100 எடுத்துக்கொள்வோம்.

இங்கே புதியவர்களை வியக்கவைக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். 100 என்பது 40 ஆகக் குறைந்தால் என்ன ஆகும்? 300 மி.மீ. ஸ்லாப்பில் பாரத்தால் வரும் தகைவு 1.44-லிருந்து ஏறத்தாழ 2.05 மெகாபாஸ்கல் ஆகும். ஆனால் வெயிலால் வரும் தகைவு பாதியாகக் குறைந்துவிடும். மொத்தத்தில் பத்து சதவீதம்கூடக் கூடாது. மண்ணுக்குப் போகும் அழுத்தமோ சதுர மீட்டருக்கு 50 கிலோநியூட்டனைத் தாண்டாது. ஒரு மனிதன் செருப்புடன் ஒற்றைக்காலில் நின்றால் ஏறக்குறைய அவ்வளவு அழுத்துவான். அப்படியென்றால் மண் எப்படி இருந்தால் என்ன? தகைவு மாறாவிட்டாலும் அமிழ்வு இருமடங்காகிறது, அரை மி.மீ. இருந்தது ஒரு மி.மீ.யை நெருங்குகிறது. ஒவ்வொரு அச்சும் ஸ்லாப்பை ஒரு மி.மீ. அமுக்கித் தூக்கினால், கீழே தேங்கிய தண்ணீர் பம்புபோல் நுண்மண்ணை ஜாயிண்ட் வழியாக வெளியே துப்பும். பிறகு அடியில் பள்ளம் விழும், ஸ்லாப் அந்தரத்தில் நிற்கும். அந்த நிலைக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

ஆகவே மண் வேலையில் பார்க்கவேண்டியவை: மேல் 500 மி.மீ. மண்ணை 200 மி.மீ. அடுக்குகளாக இறுக்கி, கனரக இறுக்கச் சோதனையின் உச்ச அடர்த்தியில் 97 சதவீதம் எட்டவேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் அடர்த்தியை அளக்கும் மணல் மாற்றுச் சோதனை. ரோலர் ஓட்டியவர் 'கல்லாட்டம் இருக்கு சார்' என்று சொல்வது சோதனை ஆகாது.

நிரவலுக்கு எதைக் கொட்டுகிறீர்கள் என்பதில் சேலத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. மேக்னசைட் சூளைக் கழிவும் எஃகு ஆலைக் கசடும் இங்கே மலிவாகக் கிடைக்கும், பார்க்கக் கெட்டியாகவும் இருக்கும். சுட்ட மேக்னசைட்டில் மக்னீசியம் ஆக்சைடு இருக்கிறது, கசடில் கட்டிலாச் சுண்ணாம்பும் இருக்கலாம். இரண்டும் தண்ணீர் பட்டதும் மெல்ல மெல்ல ஊதும். அதுவும் உடனே ஊதாது. ஸ்லாப் போட்டு, தண்டவாளம் பூட்டி, பில் வாங்கி, ஒரு வருடம் கழித்து ஊதும். தண்டவாள மட்டம் 10, 15 மி.மீ. மேலே எழும்பி நிற்கும்போது எந்தத் தடிமனும் காப்பாற்றாது. ஊதல் சோதனை செய்யாத கழிவை ஸ்லாப்பின் கீழே ஒரு வண்டிகூடக் கொட்டவேண்டாம். நல்ல கிராவலுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சம் இல்லை.

இன்னொன்று, பாதி பாறை பாதி நிரவல். அடிவாரத்தில் ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் கொட்டிச் சமப்படுத்தும் தடங்களில் இது நிச்சயம் வரும். பாறைமேல் உட்கார்ந்த ஸ்லாப் அசையாது, நிரவல்மேல் உள்ளது அமிழும். எல்லைக் கோட்டில் கத்தி வைத்ததுபோல் விரிசல் விழும். பாறையை ஸ்லாப் அடிமட்டத்துக்குக் கீழே 300 மி.மீ.யாவது உடைத்து எடுத்து, நிரவல் பக்கம் போகப்போக ஆழத்தைக் கூட்டிச் சரிவாக வெட்டி, முழுவதும் ஒரே கிராவலால் நிரப்புங்கள். ஜாக்ஹாமர் வாடகையைப் பார்த்து இதைத் தவிர்ப்பவர்கள் பின்னால் அதைவிடப் பெரிய செலவைப் பார்ப்பார்கள்.

நான்காவது: தடிமனை ஊகித்துச் சோதித்தல்

இப்போதுதான் தடிமனுக்கு வருகிறோம். ஒரு தடிமனை ஊகித்து, பாரத் தகைவையும் வெப்பத் தகைவையும் கூட்டி, கான்கிரீட்டின் வளைவு வலிமையோடு ஒப்பிட வேண்டியதுதான்.

எம்40 கான்கிரீட் (அமுக்க வலிமை 40 மெகாபாஸ்கல்) எடுப்போம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456 படி மீள்குணகம் 5000-ஐ 40-இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது, 31,600 மெகாபாஸ்கல். வளைவு வலிமை 0.7-ஐ அதே வர்க்கமூலத்தால் பெருக்கியது, 4.43.

பாரத் தகைவுக்கு ஸ்லாப்பையும் தண்டவாளத்தைப் போலவே மண் என்ற வில்லின்மேல் கிடக்கும் உத்தரமாகப் பாருங்கள். அகலம் 3000, தடிமன் 300 என்றால் அதன் மீள்நீளம் சுமார் 1.30 மீட்டர். ஓர் அச்சு முழுதும் ஒரே புள்ளியில் இறங்கினால் வளைவுத் திருப்பம், பாரத்தை மீள்நீளத்தால் பெருக்கி நான்கால் வகுத்தது. இருக்கைகள் பங்கிட்டுக்கொள்வதால் அதில் 0.54 பங்குதான் உண்மையில் வரும். 65 கிலோநியூட்டன்-மீட்டர், தகைவு 1.44 மெகாபாஸ்கல். இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும், அதே போகியின் (இரண்டு அச்சுகளைத் தாங்கும் சட்டம்) அடுத்த அச்சு இந்த வளைவைக் குறைக்கத்தான் செய்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக விட்டுவிடலாம். இருக்கைக்கு நேர் கீழே குறுக்குவாட்டில் வெஸ்டர்கார்டு சூத்திரத்தால் சரிபார்த்தால் இதே அளவில்தான், 1.5-ஐ ஒட்டி வரும்.

அடுத்தது வெயில். வட தமிழகத்து உட்பகுதிக்கு 300 மி.மீ. ஸ்லாப்பின் மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும் இடையே பகலில் 21 டிகிரி வித்தியாசம் எடுக்கச் சொல்கிறது ஐ.ஆர்.சி. 58. சித்திரை வெயிலில் சேலத்துக் கான்கிரீட்டில் வெறுங்காலால் நின்றவர்களுக்கு இந்த எண் புதிதாக இருக்காது. மேலே சூடாகி விரிய, ஸ்லாப் கவிழ்த்த தட்டுபோல் நடுவில் எழப் பார்க்கும். தன் எடை அதை அமுக்கும், அடியில் இழுவைத் தகைவு பிறக்கும். இதன் அளவு ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் உள்ள நீளத்தைப் பொறுத்தது. பிராட்பரி குணகம் என்று அட்டவணை உண்டு. நீளத்தை ஸ்லாப்பின் விறைப்பு ஆரத்தால் (ஸ்லாப்பின் விறைப்பையும் மண்ணின் விறைப்பையும் ஒப்பிடும் நீளம்) வகுத்து அதில் பார்க்கவேண்டும். 300 மி.மீ.க்கு இந்த ஆரம் 924 மி.மீ.

ஜாயிண்ட் 3 மீட்டருக்கு ஒன்று என்று வைத்து மூன்று தடிமன்களையும் பாருங்கள் (தகைவு மெகாபாஸ்கலில்):

250 மி.மீ.: பாரம் 1.65, வெப்பம் 1.17, மொத்தம் 2.82. வலிமையில் 0.64 பங்கு.
300 மி.மீ.: பாரம் 1.44, வெப்பம் 0.80, மொத்தம் 2.24. 0.51 பங்கு.
350 மி.மீ.: பாரம் 1.27, வெப்பம் 0.53, மொத்தம் 1.80. 0.41 பங்கு.

இந்தப் பங்கு 0.5-க்குக் கீழே இருந்தால் கான்கிரீட் எத்தனை தடவை வளைந்தாலும் களைக்காது என்பது பழைய பி.சி.ஏ. (அமெரிக்காவின் போர்ட்லண்ட் சிமெண்ட் சங்கம்) முறையின் விதி. 0.51-க்கு 4 லட்சம் தடவை, 0.64-க்கு 11 ஆயிரம் தடவைதான். 58 வேகன் ரேக் ஒன்றுக்கு 232 அச்சுகள். 11 ஆயிரத்தை வகுத்தால் 47 ரேக். தினம் ஒரு ரேக் வந்தால், உச்சி வெயிலில் வருபவற்றை (எட்டில் ஒன்று என்று வைத்து) மட்டும் எண்ணினாலும் 250 மி.மீ. ஒரு வருடம் ஓடி அடுத்ததில் திணறும். 300 மி.மீ.யில் 1,700 ரேக்குக்கு மேல் தாங்கும். அதே எட்டில் ஒன்று கணக்கில் 37 வருடம். கையிருப்பாக விட்ட இரண்டாம் அச்சு வேறு இருக்கிறது. 300 போதும்.

இதே 300 மி.மீ.யில் ஜாயிண்டைத் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள். 3.6 மீட்டருக்கு வைத்தால் பங்கு 0.63. 4.2 மீட்டருக்கு 0.77. 4.8 மீட்டருக்கு 0.89. அதாவது ஜாயிண்டை 60 செ.மீ. நீட்டினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 50 மி.மீ. கான்கிரீட் காணாமல் போகிறது. சாலை வேலையில் பழகியவர்கள் 4.5 மீட்டரை அப்படியே இங்கே எடுத்துவந்துவிட்டு, விரிசல் விழுந்ததும் தடிமன் பற்றாது என்று 400-க்குப் போவார்கள். தடிமனைக் கூட்டுவதற்கு முன் கட்டரும் டவல் கம்பியும் (ஜாயிண்டின் இருபுற ஸ்லாப்களையும் கோக்கும் கம்பி) எவ்வளவு மலிவு என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கூரை போட்ட கொட்டகைக்குள் போகும் தடம் என்றால் வெயில் கணக்கு வெகுவாகக் குறையும். அங்கே 250-கூடச் செல்லலாம். ஒரே சைடிங்கில் உள்ளே ஒரு தடிமன், வெளியே ஒரு தடிமன் என்று வரைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜப்பானின் ஷின்கான்சென் ஸ்லாப் 190 மி.மீ.தானே என்று கேட்பவர்கள் வருவார்கள். அது ஆலையில் வார்த்தது. கீழே தார்-சிமெண்டுக் கலவைப் படுக்கை, அதற்கும் கீழே கெட்டியான கான்கிரீட் தளம். அதன்மேல் ஓடும் பயணிகள் வண்டியின் அச்சுப் பாரமும் நம் நிலக்கரி வேகனின் பாரமும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் கடன் வாங்கக்கூடாது.

வரைபடத்தில் எழுதும் தடிமன்

கணக்கில் வந்த 300-ஐ அப்படியே எழுதவேண்டாம். தளமட்டம் 10 மி.மீ. பிசகாத வேலையிடம் கிடையாது. சரக்கு இறக்கும் தடத்தில் பே-லோடரின் வாளி கான்கிரீட்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், அதற்கு 10 முதல் 15 மி.மீ. விடுங்கள். 325 என்று எழுதினால் நிம்மதி. ஓமலூர்-மேட்டூர் தடம்போல் நிலக்கரி வரும் பாதைகளில் இறக்கும் தளத்துக்கு இது கட்டாயம். பே-லோடரோ லாரியோ தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் என்றால் அதன் சக்கரப் பாரத்தை விளிம்புப் பாரமாகத் தனியே சோதிக்கவேண்டும். ரயில் சக்கரத்தைத் தண்டவாளம் பங்கு போட்டுத் தருகிறது. லோடர் சக்கரத்துக்கு அந்தத் தயவு இல்லை, முழுப் பாரமும் டயரின் கீழேயே இறங்கும்.

கம்பி

கம்பி தடிமனைக் குறைப்பதற்கு அல்ல. விரிசல் விழுந்தால் அதைத் தலைமுடி அளவில் பிடித்து வைப்பதற்கு. மேலும் கீழும் 12 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளியில், இரு திசையும். மேலும் கீழும் சேர்ந்து ஒவ்வொரு திசையிலும் வெட்டுப்பரப்பில் அரை சதவீதம் வரும். தடத்தின் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 72 கிலோ கம்பி. மேல்வலையை விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். விடக்கூடாது. இரவில் ஸ்லாப் எதிர்ப்பக்கமாகச் சுருள்கிறது, அச்சுகளுக்கு நடுவிலும் மேல்முகத்தில் இழுவை வருகிறது. கீழே 50, மேலே 40 மி.மீ. கவர். மேல்வலை தொய்யாமல் இருக்க நாற்காலிக் கம்பி மீட்டருக்கு ஒன்று. கான்கிரீட் கொட்டும்போது மேல்வலையில் ஆள் நடந்து நடந்து அது நடுத்தடிமனுக்கு இறங்கிவிடும். அங்கே அது யாருக்கும் உதவாது.

சிக்னலுக்கு டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் மின்னோட்டம் விட்டு வண்டி நிற்பதை அறியும் அமைப்பு) இருக்கும் தடம் என்றால் கம்பி வேலை தொடங்கும் முன்பே சிக்னல் பிரிவோடு பேசுங்கள். ஈரமும் நிலக்கரித் தூளும் சேர்ந்த ஸ்லாப்பில் இரு தண்டவாளத்துக்கும் இடையே மின்னோட்டம் கசியும், வண்டியே இல்லாமல் தடம் நிரம்பியதாகக் காட்டும். இத்தகைய தளங்களில் பெரும்பாலும் அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுண்ட்டருக்கு மாறிவிடுகிறார்கள்.

ஜாயிண்ட்

ஜாயிண்ட் எப்போதும் இரண்டு இருக்கைகளுக்கு நட்ட நடுவில் வரவேண்டும். அதனால் இடைவெளி 600-இன் மடங்காகவே இருக்கும்: 2.4, 3.0, 3.6. இருக்கையின் அடியில் ஜாயிண்ட் விழுந்தால் அந்த ஸ்லாப்பின் ஆயுள் முடிந்தது.

டவல் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரே காரணம் போதும். உத்தரத்தின் கட்டில்லாத முனையில் பாரம் நின்றால் அமிழ்வு நடுப்பகுதியைப்போல் நான்கு மடங்கு. நடுவில் அரை மி.மீ. என்றால் முனையில் இரண்டு மி.மீ. வண்டி ஜாயிண்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு முனை இறங்கி மறுமுனை ஏறும். 32 முதல் 38 மி.மீ. விட்டமுள்ள மொட்டைக் கம்பி, 500 மி.மீ. நீளம், 300 மி.மீ.க்கு ஒன்று, தடிமனின் நடுவில். பாதி நீளத்துக்குப் பிளாஸ்டிக் உறை அல்லது தார்ப்பூச்சு. வரிசை கோணாமல் தடத்துக்கு இணையாக இருக்கவேண்டும். நாலைந்து கம்பி கோணியிருந்தால் ஜாயிண்ட் பூட்டிக்கொள்ளும், விரிசல் பக்கத்தில் வேறிடத்தில் விழும். கம்பிவலை ஜாயிண்டுக்கு இருபுறமும் 50 மி.மீ. முன்னதாகவே நின்றுவிட வேண்டும்.

சாலையில்போல் பிறகு கட்டர் வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பது இங்கே பலிக்காது. தண்டவாளத்தை முதலில் நிறுத்தி, அதைச் சுற்றிக் கான்கிரீட் போடும் முறையில் கட்டர் தண்டவாளத்தின் அடியில் போகாது. ஆகவே கொட்டுவதற்கு முன்பே முழு அகலத்துக்கும் அடியில் விரிசல் தூண்டும் பட்டையைப் பதியுங்கள், அல்லது தகடு வைத்துப் பிரித்துவிடுங்கள். வெளிப்பட்ட பகுதியை வேண்டுமானால் கட்டரால் வெட்டலாம், ஆழம் 75 முதல் 100 மி.மீ. கோடையில் கொட்டிய ஆறேழு மணி நேரத்திலேயே வெட்டத் தொடங்கவேண்டும். காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் விரிசல் உங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

கொட்டும் வரிசை

மண் முடிந்ததும் 3.6 மீட்டர் அகலத்துக்கு 150 மி.மீ. லீன் கான்கிரீட், கன மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சிமெண்ட். அதன் மேலே 125 மைக்ரான் பாலிதீன் தாள். தாள் இல்லாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, கீழே உள்ள விரிசல் அப்படியே மேலே ஏறும். பிறகு கம்பி, டவல். அதன்பின் இருக்கை இன்செர்ட்டுகளைத் தண்டவாளத்தோடு பூட்டி, சட்டத்தில் தொங்கவிட்டு, இடைவெளி, மட்டம், சாய்வு மூன்றையும் நிறுத்தவேண்டும். ஜல்லித் தடத்தில் ஜல்லியைத் தட்டி மட்டத்தைச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே கான்கிரீட் இறுகியபின் கிடைக்கும் வாய்ப்பு பேட்டின் கீழே வைக்கும் சில மி.மீ. தகடு மட்டுமே.

பகல் ஏறினால் தண்டவாளம் நீண்டு சட்டத்தையே நெளிக்கும். மாலை 4 மணிக்கு மேல் கொட்டத் தொடங்கி, கொட்டுவதற்குச் சற்று முன்னால் அளவை மறுபடி பார்ப்பது நல்லது. காலையில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட அளவு மாலையில் செல்லாது.

நூறு மீட்டர் தடத்துக்கு 325 மி.மீ. தடிமனில் 97.5 கன மீட்டர் எம்40, 54 கன மீட்டர் லீன் கான்கிரீட், டவலைச் சேர்க்காமல் 7.2 டன் கம்பி தேவை. வைப்ரேட்டர் ஊசி ஒவ்வோர் இன்செர்ட்டின் இருபுறமும் இறங்கவேண்டும். இன்செர்ட்டின் அடியில் தேன்கூடு விழுந்தால் வெளியே தெரியாது. முதல் ரேக் வந்ததும் கிளிப் ஆடும்போதுதான் தெரியும், அதற்குள் மேஸ்திரி வேறு ஊருக்குப் போயிருப்பார். மேல்பரப்பு இரு தண்டவாளங்களுக்கும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 40-க்கு 1 சரியட்டும், இருக்கை உள்ள இடம் மட்டும் தட்டையாக. ஈரச்சாக்கு போட்டு 14 நாள் க்யூரிங்.

வடிகாலும் முனையும்

சேர்வராயனில் கொட்டும் மழை ஏற்காட்டிலேயே தங்கிவிடாது. ஓடை வழியாக அடிவாரத் தடங்களுக்குத்தான் இறங்கி வரும். மலைப்பக்கம் ஒரு மேல்கால், ஸ்லாப் ஓரத்தில் ஒரு வடிகால், லீன் கான்கிரீட்டின் அடிமட்டத்துக்கும் கீழே ஜல்லி நிரப்பிய துளைக்குழாய் என்று மூன்றும் வேண்டும். வடிகாலின் அடிமட்டம் லீன் கான்கிரீட்டைவிட உயரமாக இருந்தால் அது வடிகால் அல்ல, தொட்டி. ஸ்லாப் ஓரத்தில் சேறு கலந்த வெள்ளைக் கறை தெரிந்தால் அடியில் பம்ப் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றே துளையிட்டுச் சிமெண்ட் கூழ் செலுத்தினால் ஸ்லாப் பிழைக்கும்.

ஸ்லாப் முடிந்து ஜல்லித் தடம் தொடங்கும் இடத்தில் விறைப்பு சட்டென்று மாறக்கூடாது. லீன் கான்கிரீட்டை ஜல்லியின் அடியில் பத்து மீட்டருக்கு நீட்டி, படிப்படியாகத் தாழ்த்துங்கள். அந்தப் பகுதியில் ஸ்லீப்பர் இடைவெளி 600-ஐத் தாண்டவேண்டாம். முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை ஜல்லியைத் தட்டி நிரவ ஆள் வைக்கவேண்டும். இதற்கான தொகையை எஸ்டிமேட்டிலேயே போட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.